யார் நடிக்கிறார், சரி, யார் பேசுகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வரவிருக்கும் படங்களின் பட்டியலையும், யார் எந்த வேடத்துக்குப் பொருந்துவார், பொருந்தமாட்டார் என்று வாசகர்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். ‘மூஞ்சி சரியில்லை’, ‘வயசு சரியில்லை’, ‘வெளியூர்க்காரர்’ என்று எல்லாக் குறையும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் எப்படிப் பேசுவார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதல் கேள்வியே அதுதான். நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை, கேரளத்தில் பாலக்காடு மாவட்டம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். படம் இரண்டிலும் பார்ப்போம்.

உங்கள் பட்டியலில் அதிகம் அடிபட்டது நிதேஷ் திவாரியின் ராமாயணம். முதல் பாகம் 2026 தீபாவளிக்கு, இரண்டாவது 2027 தீபாவளிக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். ரன்பீர் கபூர் ராமன், யஷ் ராவணன், சன்னி தியோல் அனுமன். அனுமனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சாய் பல்லவி சீதை என்பதில்தான் உங்கள் வாசகர்கள் இரண்டு கட்சியாகி ‘சீதைக்கு ஒரு களை வேண்டாமா’ என்கிறார்கள். 2015இல் ‘பிரேமம்’ வந்தபோது முகப்பருவைக்கூட மறைக்காமல் மலர் டீச்சராக வந்து நின்றவர் அவர். மலையாளப் படத்தில் தமிழ் பேசும் டீச்சர். கேரளமே கொண்டாடியது. இங்கே காலேஜ் பையன்கள் பண்ணிய அலப்பறையை நேரில் பார்த்தவன் நான். களையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. படம் தமிழுக்கு வரும்போது சீதைக்கு அவரே பேசுவாரா, வேறு யாராவது பேசுவார்களா? கோத்தகிரிப் பெண்ணின் வாயிலிருந்து இன்னொருவர் தமிழ் வந்தால் எப்படி இருக்கும்?

‘மலையாளத்திலிருந்து ஆள் இறக்குமதி எதற்கு’ என்றும் ஒருவர் குறைப்பட்டிருந்தார். ‘பொன்னியின் செல்வன்’ வருவதற்கு முன்னால் ஜெயராமைப் பற்றியும் இதே பேச்சுதான். நாவலில் ஆழ்வார்க்கடியான் குட்டையான, தடித்த ஆள். ஜெயராம் குட்டையும் இல்லை, அப்படியொன்றும் தடியும் இல்லை. 2022இல் படம் வந்ததும் அவர் வருகிற இடமெல்லாம் தியேட்டரில் சிரிப்பு. ‘ஜெய் பீம்’ செங்கேணியாக நடித்த லிஜோமோல் ஜோஸும் மலையாளிதான். இருளர் மக்களோடு இருந்து பழகிவிட்டு நடிக்க வந்தார். ‘மாமன்னன்’ படத்தில் பகத் பாசிலை வில்லனாகப் போட்டார்கள். ஜனங்கள் வில்லனையே தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அது வேறு தலைவலி, அதை விடுங்கள். இரவல் குரலே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் ஆலப்புழைப் பெண் ஜெஸ்ஸியாக நடித்தவர் சென்னைப் பெண் திரிஷா, குரல் சின்மயியுடையது. பொருந்தியதால் யாரும் முணுமுணுக்கவில்லை.

பொருந்தாதபோதுதான் எங்களுக்கு எரிகிறது. தமிழ்ப் படத்தில் மலையாளி என்றால் டீக்கடை வைத்திருப்பார், மூக்கால் பேசுவார், வாக்கியத்துக்கு வாக்கியம் ‘எந்தா’ போடுவார். மலையாளப் படத்தில் தமிழன் என்றால் லாரி ஓட்டுவான், இல்லையென்றால் அரிவாளோடு வருவான். அவன் பேசுவது எந்த ஜில்லாத் தமிழ் என்று அவனுக்கே தெரியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நாங்கள்தான்.

விதிவிலக்கும் உண்டு. ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தில் மம்மூட்டி வேளாங்கண்ணி போய்த் திரும்பும் பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்லி இறங்குவார். வயலுக்குள் நடந்து முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்துக்குள் போவார். யாரோ ஒருவர் வீட்டில் லுங்கியைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டு ஆளான சுந்தரம் என்பவராகவே பேச ஆரம்பிப்பார். பழனிப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்தது. போஸ்டரை மட்டும் பார்த்திருந்தால் நாமெல்லாம் என்ன சொல்லியிருப்போம்? ‘மம்மூட்டிக்கு எதற்கு இந்த வேலை’ என்றுதான். கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அந்தப் படத்துக்காகத்தான் அவருக்குக் கிடைத்தது.

உங்கள் பட்டியலை இங்கே சலூனில் ஒருவர் வாசிக்க, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எங்கள் ஊரை வைத்துப் படம் எடுத்தால் யாரைப் போடுவது? எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் என்றால் தென்னந்தோப்பும் கள்ளும்தான். அதனால் கதாநாயகன் கள் இறக்குபவர் என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு நடிகர் பெயரைச் சொன்னார்கள். சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நிஜமாகவே மரம் ஏறுகிறவர், பாளை சீவிச் சீவிக் கையெல்லாம் காய்த்துப்போன மனிதர். சோப்பு நுரையோடு திரும்பி, “மூஞ்சி கெடக்குதுங்க. மரத்துக்கு டூப்புப் போட்டுக்குவானுங்க. நம்ம பேச்சுக்கு எந்த டூப்பப் போடுவானுங்க?” என்றார். ‘ஏனுங்’ என்று கொங்குத் தமிழில் ஆரம்பித்து ‘அல்லே’ என்று மலையாளத்தில் முடிக்கிற பேச்சு எங்களுடையது. இதுவரை எந்த ஹீரோ வாயிலும் அதை நான் கேட்டதில்லை.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். வரவிருக்கும் படங்களின் பட்டியலில் நடிகர் பெயருக்குப் பக்கத்தில் சொந்தக் குரலா, இரவல் குரலா, இரவல் என்றால் யாருடையது, வட்டாரப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒரு வரி போடுங்கள். கேரள அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கென்றே விருது இருக்கிறது. பட அறிவிப்பில் மட்டும் அந்தப் பெயர்கள் வருவதே இல்லை. படக் கம்பெனியைக் கேட்டு, சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.