பித்தப்பைச் சத்திரசிகிச்சைக் கொடுப்பனவு பற்றிய புகார்

கிளை முகாமையாளர் அவர்களுக்கு,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பருத்தித்துறையிலிருந்து ஐந்து தடவை பஸ் ஏறி உங்கள் கிளைக்கு வந்துவிட்டேன். வாயால் சொல்லி எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் மேசன் வேலை செய்பவர். அரச ஊழியருக்கு அக்ரஹார என்ற காப்புறுதித் திட்டம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் சொந்தக் காசில்தான் சுகாதாரக் காப்புறுதி எடுக்க வேண்டும். தையல் மெஷினில் குனிந்து உழைத்த பணத்தில் மூன்று வருடமாக ஒரு தவணையும் தவறாமல் கட்டினேன். உங்கள் முகவர் எங்கள் விறாந்தையில் இருந்து சொன்னது ஒரே ஒரு தொகை: ஐந்து லட்சம். அதற்குள்ளே அறைக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய், சத்திரசிகிச்சைக்கும் வைத்தியருக்கும் சேர்த்து 100,000 ரூபாய் என்று தனித்தனி வரம்புகள் இருப்பதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. உங்கள் திட்டம் உங்களுக்குத் தெரியும்தானே? தெரிந்தவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கணவரின் பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்குத் தனியார் வைத்தியசாலையில் மூன்று இரவுகள், அறைக்கு நாளொன்றுக்கு 15,000. மொத்தம் 286,000 ரூபாய். நீங்கள் தந்தது 122,500. மீதி 163,500 ரூபாய்க்கு என் சங்கிலி அடைவில் இருக்கிறது. வரம்பு தெரிந்திருந்தால் குறைந்த அறை கேட்டிருப்போம், அல்லது போதனா வைத்தியசாலையில் முறை வரும்வரை காத்திருந்திருப்போம். அங்கே சத்திரசிகிச்சைக்குக் கட்டணமே இல்லை. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை நம்பித்தான் தனியாருக்குப் போனோம். எங்கள் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டீர்கள்.

மூன்றாவது தடவை வந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மழை. நனைந்த சேலையோடு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். கோரிக்கைப் பிரிவில் இருந்த இளைஞர் கைத்தொலைபேசியிலிருந்து தலை நிமிர்த்தாமல், என் கணவரின் நோய்க்குறிப்பின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். "வாசிக்காமல் கையெழுத்து வைத்தது உங்கள் பிழை, அக்கா. அடுத்தவர் வாருங்கள்" என்றார். அந்த வட்டக் கறை இன்னும் தாளில் இருக்கிறது. பிரதி இணைத்திருக்கிறேன், பாருங்கள். பத்திரத்தின் 34 பக்கமும் ஆங்கிலம், ஐயா! தமிழில் ஒரு பிரதி தாருங்கள் என்று பத்திரம் வந்த வாரமே கேட்டேன். இன்றுவரை வரவில்லை. எதை வாசிப்பது?

முதல் தடவை அசல் பற்றுச்சீட்டு இல்லை என்றார்கள். அதைக் கொண்டுவந்தால் வைத்தியரின் முத்திரை தெளிவில்லையாம். நான்காம் தடவை முகாமையாளர் கொழும்பில் என்றார்கள். உங்களை இன்னும் நேரில் காணவில்லை. நீங்கள் நல்லவராகவே இருக்கலாம்.

அடுத்த மாதம் புதுப்பிக்கும் திகதி. வேறு கம்பனிக்கு மாறினால், சில நோய்களுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும் என்கிறார்கள். கணவருக்குப் போன வருடம் நீரிழிவு கண்டிருக்கிறது. புதிய இடத்தில் அது ஏற்கனவே இருந்த நோய் என்று விலக்கப்படுமாம். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. ஆகவே எந்த நோய்க்கு எவ்வளவு, எதற்கு இல்லை, நீரிழிவால் வரும் சிக்கல்களுக்குத் தருவீர்களா, உயர்ந்த திட்டத்துக்கு மாறினால் காத்திருப்பு மறுபடி தொடங்குமா என்று தமிழில் எழுதித் தாருங்கள். தயவாகக் கேட்கிறேன். வெட்டிய தொகையையும் மறுபடி பரிசீலியுங்கள்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கும், 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உங்களை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் இதே கடிதம் பதிவுத் தபாலில் போகும். கறை பட்ட தாளும் கூடவே போகும்.

பதிலைத் தபாலில் அனுப்புங்கள். ஆறாம் தடவை அந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்கமாட்டேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
காப்புறுதிதாரர், பருத்தித்துறை.