சைக்கிள் பழுதுக்கும் சீட்டு எழுதித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிளைப் பழுதுபார்க்க விடுகிறவர்களுக்கு, என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தப் பொருள் மாற்றப்படுகிறது என்று கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வழக்கம் இல்லாததால் டெல்டா கிராமங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏமாற்றப்படும்போது கேட்க வழியில்லாமல் நிற்கிறார்கள். இதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பிளஸ் 2 படிக்கும் என் மகள், சென்ற ஆண்டு பள்ளியில் கிடைத்த சைக்கிளில்தான் குடமுருட்டி ஆற்றின் கரை வழியாகப் பள்ளிக்குப் போய் வருகிறாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடிய வண்டி என்பதால், மழை விட்டதும் பின் சக்கரத்தில் கரகரவென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. பாபநாசம் வட்டாரத்தில் உள்ள ஒரு கடையில் விட்டோம். வண்டியை முழுவதும் கழற்றி ஓவராயில் செய்து, பின் சக்கரம் உராயாமல் சுழல உதவும் பால்ரஸ் குண்டுகளைப் புதிதாகப் போட்டு, ரிம்மில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டைகளையும் மாற்றித் தருவதாகச் சொல்லி 450 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். நாளை வாருங்கள், நாளை மறுநாள் வாருங்கள் என்று இழுத்தடித்து, அரையாண்டுத் தேர்வு முழுவதும் பிள்ளையை நடக்க வைத்த பிறகே வண்டி கைக்கு வந்தது.

வந்த வண்டியில் பழைய சத்தம் அப்படியே இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் முன் பிரேக் பிடிக்கவே இல்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. கட்டையைத் தாங்கும் நட்டு முடுக்கப்படாததால் கட்டை ரிம்மைத் தொடாமல் விலகித் தொங்கியது. வண்டியை ஓரத்து மண்மேட்டில் ஏற்றியதால் என் மகள் முழங்கையில் சிராய்ப்போடு தப்பினாள். சாலையில் அந்த நேரத்தில் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கடைக்குப் போய்க் கேட்டபோது, தாங்கள் சரியாகத்தான் செய்து கொடுத்ததாகவும், ஓட்டியவர்கள்தான் கெடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். விடாமல் கேட்டதற்கு, இந்த வேலை எங்கள் கடையில் செய்ததுதான் என்பதற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சைக்கிள் கடையில் யாருக்கும் சீட்டு கொடுக்கும் பழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை.

பிறகு எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், புளியமரத்தடியில் கடை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் என் கண்ணெதிரே பின் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தின் நடுவில் அந்தக் குண்டுகள் இருக்கும் ஹப்பின் வெளிப்புறத்தில் மட்டும் புதுக் கிரீஸ் பூசப்பட்டிருந்தது. உள்ளே துருவேறிய தண்ணீர் காய்ந்து செம்மண் நிறத்தில் படிந்திருந்தது. வழவழப்பாக இருக்க வேண்டிய குண்டுகள் பள்ளம் விழுந்து சொரசொரவென்று இருந்தன. ஒரு பக்கத்தில் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தன. அவர் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் புதுக் குண்டுகளைக் கிரீஸில் பதித்து, குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை முடுக்கி, சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட்டார். வால்வு இருக்கும் பக்கம் தன் கனத்தாலேயே கீழே வந்து நின்றது. கோன் அதிகமாக இறுகியிருந்தால் சக்கரம் அப்படி வந்து நிற்காது, தளர்ந்திருந்தால் டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் தெரியும் என்று அவர் என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கழற்றிய குண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்து எங்களிடமே கொடுத்தார். பழையதைக் கையில் கொடுத்தால்தான் புதியது போட்டோம் என்பது தெரியும் என்றார். எல்லாக் கடைகளிலும் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. நாள் முழுதும் குந்தியிருந்து பஞ்சர் ஒட்டியும் கோட்டம் எடுத்தும் கிடைக்கும் வருமானம் எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும். வாடகை சைக்கிள் காலம் போய்விட்டது, பையன்கள் மோட்டார் சைக்கிள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஊருக்கு ஒன்றிரண்டு கடைகளே மிஞ்சியிருக்கின்றன. ஆனால், வருமானம் குறைவு என்பது செய்யாத வேலைக்குப் பணம் வாங்குவதற்கு நியாயம் ஆகாது. பிரேக் விஷயத்தில் அலட்சியம் காட்டுவதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

டெல்டாவில் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. மேடு பள்ளம் குறைந்த இந்தச் சமவெளியில் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள், பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள், மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றி வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுவே வாகனம். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் பிற மாணவ, மாணவியருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பேருந்து வராத ஊர்களிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் மேல்நிலைக் கல்வியைத் தொடர்ந்ததற்கு அந்தச் சைக்கிள் துணையாக இருந்தது. வண்டியைக் கொடுத்த அக்கறை அது ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் இருக்க வேண்டும். முதல் மழைக்காலத்திலேயே ஹப்பில் தண்ணீர் புகுந்துவிடுகிற இந்த மண்ணில் இது மிகவும் அவசியம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பணம் பெற்றுக்கொண்டு செய்யும் வேலையில் குறை வைப்பது சேவைக் குறைபாடு. செய்த வேலைக்கு ரசீது தராமல் இருப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறையாகவே அந்தச் சட்டம் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள் தான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். இருந்தும் 450 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் செலவு செய்து தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ யார் போவார்கள்? அப்படியே போனாலும், சீட்டு இல்லாமல் எதைக் காட்டி முறையிடுவார்கள்? கணினி ரசீதோ அச்சடித்த பில் புத்தகமோ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் தேதி, வேலை, மாற்றும் பொருள், கூலி, வண்டியைத் திருப்பித் தரும் நாள் ஆகிய விவரங்களை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். வாடிக்கையாளர் பணம் தராமல் தகராறு செய்தால் அதே சீட்டு கடைக்காரருக்கும் கைகொடுக்கும்.

எனவே, டெல்டா மாவட்டங்களின் ஆட்சியர்கள், உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் வாயிலாகப் பழுதுபார்க்கும் கடைகளுக்கு இதை ஒரு வேண்டுகோளாகவாவது தெரிவிக்க வேண்டும். பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சைக்கிள் வேலைகளுக்கான கூலிப் பட்டியலைக் கடை வாசலில் எழுதி வைக்கச் சொல்லலாம். நம் பள்ளிகளில் ஏற்கெனவே இயங்கிவரும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்களில், சீட்டு கேட்டு வாங்குவது எப்படி, பழுது பார்த்த வண்டியைச் சோதித்து வாங்குவது எப்படி என்பதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பொங்கல் விடுமுறைக்கு முன்பாக, அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களையும் அனுபவமுள்ள உள்ளூர்த் தொழிலாளர்களையும் கொண்டு மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு நாள் சைக்கிள் பராமரிப்பு முகாம் நடத்துமாறு பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தொழிலாளர்களுக்கு அரசு உரிய கூலி கொடுக்க வேண்டும். முகாமில் வேறு எதற்கும் நேரம் போதாவிட்டாலும், ஒவ்வொரு வண்டியின் இரண்டு பிரேக்குகளையும் கட்டாயம் சோதித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மாணவி ஒருவரின் தந்தை,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.