இரண்டு கரும்பலகை கேட்டு: வர்க்கலா கிளிஃப் பாதைக்குப் பொறுப்பானவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் வர்க்கலாவில், கடலோரச் செங்குத்துக் குன்றான நார்த் கிளிஃப்பின் விளிம்பு எந்த மழைக்கு எங்கே சரிந்தது என்பதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். அதை உங்களுக்கே எடுத்துச் சொல்ல இதை எழுதவில்லை. சரிந்த இடத்தில் இரண்டு கம்பு நட்டு நாடா கட்டிவிட்டு, அந்த நாடா காற்றில் அறுந்து பறக்கும் வரை பிரச்சினை தீர்ந்ததாகவே வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். அந்த நாடா வராதே என்கிறது, சரி. வந்தவர் வேறு எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும்? மணலுக்கு இறங்கும் அடுத்த படிக்கட்டு திறந்திருக்கிறதா? அதைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

எங்கள் கோரிக்கை சின்னது. பாதை தொடங்கும் ஹெலிபேடில் ஒன்று, அது முடியும் காப்பில் கடற்கரை முனையில் ஒன்று என இரண்டு கரும்பலகைகள். தினமும் காலை ஆறு மணிக்குள் அவற்றில் நான்கு வரி எழுத ஓர் ஆள்.

ஹெலிபேடிலிருந்து திருவம்பாடி, ஓடயம், இடவா வழியாகக் காப்பில் வரை ஏழெட்டுக் கிலோமீட்டர். நின்று பார்த்து, உட்கார்ந்து டீ குடித்துப் போனாலும் மூன்று மணி நேரம் தாராளம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், ஓடயத்துக்கு வடக்கே கடைகளை நம்ப முடியாது. பிடிப்புள்ள செருப்பு வேண்டும், காய்ந்த செம்புரைச் (லேட்டரைட்) சரளை காலுக்கடியில் உருளும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காப்பிலில் பொழி, அதாவது காயல் கடலில் சேரும் வாயை அடைக்கும் மணல் திட்டு, உடைந்திருந்தால் அதன் வழியாகக் கடக்கக் கூடாது, சாலைப் பாலத்தால்தான் போக வேண்டும். திரும்பி வர ரயிலை நம்பினால், காப்பிலிலும் இடவாவிலும் பெரும்பாலும் பாசஞ்சர் வண்டிகள்தான் நிற்கும். ஆகவே ஆட்டோவோ பஸ்ஸோ பார்த்துக்கொள்வது நல்லது. இதையெல்லாம் வீட்டிலிருந்தே திட்டமிடலாம். திட்டமிட முடியாத ஒன்று உண்டு.

காலையில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கிளிஃப் மேற்கு பார்த்து நிற்கிறது. சூரியன் நிலத்தின் பக்கம் எழுவதால், ஒன்பது மணி தாண்டியும் அடிவார மணலில் குளிர்ச்சியான நிழல் இருக்கும். மேலே பாதையில் வெயில் உறைக்கத் தொடங்கியதும், நடப்பவர்கள் படி இறங்கி மணலுக்கு வந்துவிடுகிறார்கள். வந்து, நிழலைத் தேடிச் சுவரை ஒட்டியே நடக்கிறார்கள். மேலிருந்து மண் விழுவதும் அங்கேதான்.

ஏன் விழுகிறது என்பது 1882இல் புவியியலாளர் வில்லியம் கிங் இந்த அடுக்குகளுக்கு வர்க்கலாவின் பெயரையே சூட்டிய காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. மேலே செம்புரைக்கல், அதற்கடியில் மணற்கல், அதற்கும் கீழே களிமண். செம்புரை முழுக்கத் துளை. மழைநீர் அதற்குள் இறங்கி, மணற்கல்லைக் கடந்து, களிமண்ணில் தட்டி நின்று, பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. பாட்டிலில் பிடித்துக் குடிக்கிறார்களே, அந்த ஊற்றுகள்தான். கசியும்போது மணலையும் அரித்துக்கொண்டு வருகிறது. கீழே அலை குடைகிறது, நடுவே ஊற்று குடைகிறது, மேலே செம்புரை கூரை இறவாரம் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் அது விழலாம், உள்ளே இறங்கிய நீர் வெளியே வரக் காலம் பிடிக்கும். விளிம்புக்கு இணையாக ஓடும் புது வெடிப்பு, கடல் பக்கம் சாயத் தொடங்கிய தென்னை, சுவரில் ஈரமான புதுச் சிவப்புக் கோடு என்று அறிகுறிகள் மூன்றும் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவை. ஆனால் முதல் இரண்டும் மேலே இருக்கின்றன. கீழே நடப்பவர் கண்ணில் படாது.

சுவரை விட்டு விலகி நடக்க வேண்டியதுதானே என்பீர்கள். எவ்வளவு விலகுவது? கடல் ஏறியிருக்கும்போது வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரைக்கும் திருவம்பாடிக்கும் நடுவே சில இடங்களில் ஈரமில்லாத மணல் ஒரு பாய் அகலம்கூட இருப்பதில்லை. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். குறுகிய மணலை மூட அதுவே போதும். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் எந்நேரமும் உதிரக்கூடிய இருபது மீட்டர் சுவர். முன்னால் இருக்கும் படி போன வாரம் அடைக்கப்பட்டதா, பின்னால் வந்த வழி இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அலைக்கும் சுவருக்கும் நடுவே கணக்குப் பார்த்து நிற்பதுதான் இந்தப் பாதையின் கஷ்டம். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அதனால்தான் பெயின்ட் அடித்த நிரந்தரப் பலகை கேட்காமல், தினமும் அழித்து எழுதும் கரும்பலகை கேட்கிறோம்.

கள்ளக்கடல் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது. எங்கோ தென்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து ஏறும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்கோயிஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. நல்ல வேலை, பாராட்டுகிறோம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதும் அத்தகைய எச்சரிக்கை வெளியாகியிருந்த நாட்களில்தான். இணையதளத்தில் இருக்கும் எச்சரிக்கை படியின் தலைமாட்டுக்கு வந்து சேர, இங்கே நாலைந்து சாக்கட்டிதான் செலவு.

செலவு என்றதும் சில விஷயங்கள் நினைவுக்கு வராமல் இல்லை. பாபநாசத்தில் கடலுக்குள் மிதவைப் பாலம் விட முடிந்தது. 2024 மார்ச்சில் அலையில் அதன் கைப்பிடி உடைந்து பலர் அடிபட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் முன்னோருக்குப் பலி கொடுக்கும் பலிமண்டபத்தை ஒட்டிய குன்றின் ஒரு பகுதியை, அது சரிந்துவிடக் கூடாதே என்று, இயந்திரம் வைத்து இடிக்கவும் முடிந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னம் என்று பட்டியலிட்ட குன்று அது! விழுவதற்கு முன் நாமே தள்ளிவிட்டால் விபத்துக் கணக்கில் வராது போலும். விளிம்பை ஒட்டிக் கட்டடம் எழுப்பி, கழிவுநீரை அங்கேயே குழி வெட்டி மண்ணுக்குள் விட்டு, கோடையிலும் களிமண் காயாமல் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றியும் எழுதலாம். அது வேறு மடல். இடிக்கவும் மிதக்கவிடவும் முடிந்த ஊரில் எழுதிப்போட ஆள் இல்லை என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்குத் திரும்புகிறோம். பலகை இரண்டும், கூடவே படிகளுக்கு எண்களும் வேண்டும். இப்போது வழி கேட்டால் இந்தக் கடைக்குப் பக்கத்துப் படி, அந்த ஹோட்டலுக்குக் கீழே என்றுதான் பதில் வருகிறது. கடை ஜூனில் மூடிவிட்டால் அடையாளமும் போச்சு. யாராவது விழுந்து உதவிக்குக் கூப்பிட்டாலும் எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாது. தெற்கிலிருந்து வடக்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலேயும் கீழேயும் எழுதிவிட்டால் போதும். மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதினால் நல்லது. நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலேறி வருபவர்கள் எத்தனை பேர் என்று ஸ்டேஷன் வாசல் ஆட்டோக்காரர்களைக் கேட்டாலே தெரியும்.

எழுத வேண்டிய நான்கு வரிக்கு ஒரு மாதிரி:

இன்று கடல் ஏற்றம்: காலை 9.40. எட்டரைக்குப் பிறகு கீழ்வழி வேண்டாம்.
கள்ளக்கடல் எச்சரிக்கை: இல்லை.
படி 3 மூடல். படி 2, படி 4 திறப்பு.
படி 3க்கு மேலே விளிம்பில் வெடிப்பு, பின்சந்து வழியாகச் சுற்றிப் போகவும்.

உயிர்காப்பாளர்கள் காலையில் எப்படியும் கடலைப் பார்க்கத்தான் போகிறார்கள். அவர்களில் ஒருவர் விளிம்போடு ஒருமுறை நடந்து வந்து இதை எழுதிவிடலாம். ஆள் தட்டுப்பாடு என்றால் கடைக்காரர்களிடம் முறை வைத்து விடுங்கள், மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். மழை முடிந்து நவம்பரில் கூட்டம் தொடங்குமுன் ஹெலிபேட் பலகையாவது நின்றுவிட்டால் நல்லது. காப்பில் பலகை டிசம்பருக்குள் வந்தாலும் சரி. தயவுசெய்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அந்தப் பாதையில் நடப்பவர்கள்