கப்பல் நிற்பது ஒன்பது மணி நேரம், கோவிலுக்குக் கிடைப்பது?

ஆசிரியருக்கு,

சுற்றுலாக் கப்பல் தூத்துக்குடியில் காலை 8 மணிக்குக் கரை அணைந்து மாலை 5 மணிக்குக் கிளம்பினால், பயணிகள் ஒன்பது மணி நேரம் கணக்குப் போடுகிறார்கள். குடியேற்றச் சோதனை முடிந்து இறங்கவே ஒரு மணி நேரம் போய்விடும். சரக்குத் தளம் என்பதால் துறைமுக வாசல் வரை நடந்து போகவும் முடியாது, பேருந்துதான். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கப்பலில் ஏறியாக வேண்டும். மிச்சம் ஏழு மணி நேரம்.

நெல்லையப்பர் கோவில் இருக்கும் திருநெல்வேலி சுமார் 50 கிலோமீட்டர். போக வர மூன்று மணி நேரம் ஒதுக்குவதே நல்லது. வழியில் கைவினைக் கடையில் பேருந்தை நிறுத்தினால் எல்லாம் கெட்டது. நெல்லையப்பர் கோவிலில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குள் பயணிகள் கப்பலில் இருக்க வேண்டும்! இசைத்தூண்களைப் பார்க்காமல், பூட்டிய கதவைப் படமெடுத்துத் திரும்புவது நம் ஊருக்கே குறை.

ஏற்பாட்டாளர்கள் வரிசையை மாற்றினால் போதும். முதலில் நேராகக் கோவில். சன்னதியும் இசைத்தூண்கள் உள்ள மணிமண்டபமும் பார்க்க ஒன்றரை மணி நேரம். வெளியே வந்து சாப்பாடு. திரும்பும்போது ஸ்ரீவைகுண்டம் பக்கமாக வந்தால், பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர். 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் அகழாய்வுக் குழிகளையும் முதுமக்கள் தாழிகளையும் இருந்த இடத்திலேயே, காலடியில் கண்ணாடி வழியாகக் காணலாம். கடையெல்லாம் கடைசியில். புகழ்பெற்ற அந்த அல்வாக் கடை மாலையில்தான் திறக்கும் என்பதைக் கப்பலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாசகர்,
பாளையங்கோட்டை