இசைவாணைக்கு விலக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1974ஆம் ஆண்டின் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தில் 2024இல் செய்யப்பட்ட திருத்தம், நீர்நிலையில் கழிவைக் கலப்பதற்கு இருந்த ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறது. பேச்செல்லாம் இதைப் பற்றியே இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் பயிர் செய்யும் எனக்கு அதைவிட உறுத்துவது, சில வகைத் தொழிற்சாலைகளுக்கு இசைவாணை (ஆலை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனைகளோடு தரும் அனுமதி) பெறுவதிலிருந்தே விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதே திருத்தம் தந்துள்ள அதிகாரம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கும் சமயத்தில், புழுங்கல் அரிசி ஆலை ஒன்றின் நெல் ஊறல் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் கலந்தது. பழுப்பாக நுரை கட்டி, புளித்த வாடையோடு வந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துவைத்துப் புகார் கொடுத்தோம். அதிகாரிகள் வந்தபோது முறைத் தண்ணீர் (முறை வைத்துப் பாசனத்துக்கு விடும் தண்ணீர்) திறந்து இரண்டு நாளாகியிருந்ததால் வாய்க்கால் தெளிந்து ஓடியது. ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து அலுவலர் எடுக்கும் மாதிரிதான் செல்லும் என்பதால் எங்கள் பாட்டிலுக்கு மதிப்பில்லை. (அது இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது.) கடைசியில் கைகொடுத்தது இசைவாணை. ஊறல் தண்ணீர் வளாகத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று அதில் நிபந்தனை இருந்தது. மதிலுக்கு அடியில் வாய்க்காலை நோக்கிப் பதித்திருந்த குழாயை எந்த முறைத் தண்ணீராலும் அடித்துக்கொண்டு போக முடியவில்லை.

இன்று விலக்குப் பெற்றிருப்பவை மாசு மிகக் குறைந்த ‘வெள்ளை’ வகைத் தொழில்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலை நீட்டுவதற்கு ஓர் அறிவிக்கை போதும். நொய்யலும் அமராவதியும் சாயக்கழிவைச் சுமந்துவந்து காவிரியில் சேர்ந்ததைப் பார்த்த டெல்டாவில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அபராதத் தொகையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதிக்குப் போகுமே தவிர, நாற்று கருகியவரின் கைக்கு வராது.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. இத்தகைய திருத்தத்தை ஒரு மாநிலம் ஏற்க அதன் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நம் சட்டமன்றம் விலக்குப் பிரிவை ஏற்கக் கூடாது. வாரியமும், ஒவ்வோர் ஆலையின் இசைவாணை நிபந்தனைகளையும் அதன் வாய்க்காலில் பாசனம் பெறும் ஊராட்சிகளின் அலுவலகங்களில் தமிழில் ஒட்டிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.