பல்லாங்குழியும் நவச்சாரமும் தந்தவர்களுக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கும் ஊராருக்கும் வணக்கம்.

பொதுத்தேர்வு முடிந்து பிள்ளைகள் லீவில் இருக்கிறார்கள். எனக்கும் இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. இந்த வருடம் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. அதற்குக் காரணமானவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்து ஆட்களே இல்லை. ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தலாம் என்று கூப்பிட்டால் ஒருவரும் மேடையேறச் சம்மதிக்கவில்லை. "அதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று ஒரே பதில். பெயரும் போடக் கூடாதாம். சரி, போடவில்லை. வாடிப்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியாமலா போய்விடும்?

முதல் நன்றி, ஈயம் பூசும் ஐயாவுக்கு. வீட்டுக்கு வீடு எவர்சில்வரும் குக்கரும் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. கல்யாண மண்டபத்து அண்டாக்களும் பிரியாணி மாஸ்டர்களின் செம்புத் தேக்சாக்களும்தான் இப்போது பிழைப்பு. ஒரு மத்தியானம் துருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, பள்ளி வேப்பமரத்தடியில் குழி பறித்துக் கரி போட்டு மூட்டினார். புகை மேலே படாதபடி பிள்ளைகளைக் காற்று வரும் திசையில் தள்ளி உட்கார வைத்தோம். சத்துணவுக் கூடத்தில் மூலையில் கிடந்த பித்தளைக் குண்டானைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்தார். நெருப்பில் காய வைத்தார். பஞ்சில் நவச்சாரத் தூளைத் தொட்டு உள்ளே ஓர் ஓட்டு ஓட்டினார். குப்பென்று வெள்ளைப் புகை. சூட்டில் கறுத்திருந்த பித்தளை, பஞ்சு பட்ட இடத்தில் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஈயக் குச்சியை அதில் இழுத்தார், உருகி ஓடியது. துணியால் ஒரு சுழற்று. குண்டானின் உட்புறம் வெள்ளியாகிவிட்டது.

"தெர்மாமீட்டர் இல்லாம சூடு எப்பிடித் தாத்தா தெரியுது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ஈயமே சொல்லும்ப்பா. ஒட்டாம நின்னா சூடு பத்தல. மஞ்சளடிச்சா சூடு ஏறிப்போச்சு."

ஐயா பூசுகிற ஈயம் வெள்ளீயம், அது உருகுவது 232 டிகிரி செல்சியஸில் என்று நான் அப்புறம்தான் கரும்பலகையில் எழுதினேன். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பித்தளை மேல் படிந்த ஆக்சைடை ஹைட்ரஜன் குளோரைடு எடுத்துவிடுவதால், சுத்தமான உலோகத்தில் ஈயம் பிடித்துக்கொள்கிறது. மேலே போய்க் குளிர்ந்ததும் இரண்டு வாயுக்களும் திரும்பச் சேர்ந்து நவச்சாரத் துகளாகின்றன. அந்த வெள்ளைப் புகை அதுதான். மீள் வினை என்று இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு வருடா வருடம் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு அது வெறும் அம்புக்குறிதான். இந்த முறை மறுநாள் வகுப்பில் சோதனைக்குழாயில் ஒரு சிட்டிகை நவச்சாரத்தைச் சூடாக்கினேன். குழாயின் மேல்பக்கம் வெள்ளையாகப் படிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் "தாத்தா புகைதான் டீச்சர் இது" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்துவிட்டது. ஐயா கரிக்காசு மட்டும்தான் வாங்கிக்கொண்டார். நவச்சாரத்தைக் காசு வாங்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்த கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடை அண்ணாச்சிக்கும் சேர்த்தே என் கும்பிடு.

அடுத்தது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பத்தா. சீதனமாக வந்த மரப் பல்லாங்குழியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று வேதியியல் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். ஆக்சிஜன் ஒன்று குறைகிறதா, தண்ணீரின் வாய்பாட்டிலேயே ஆக்சிஜனை இரண்டாக்கிவிடுவார்கள். கணக்கு சரியாகிவிடும், தண்ணீர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும்! பல்லாங்குழியில் அந்த வேலை நடக்காது. ஒரு குழி என்றால் ஒரு மூலக்கூறு. கார்பனுக்குப் புளியமுத்து, ஆக்சிஜனுக்கு வேப்பமுத்து, ஹைட்ரஜனுக்குச் சோழி. மேல் வரிசையில் வினைபடு பொருள், கீழ் வரிசையில் விளைபொருள். குழிக்குள் இருக்கும் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, வேண்டுமென்றால் இன்னொரு குழியைத் திறந்துகொள்ளலாம். மேலே இருக்கிற முத்தை மட்டும் வைத்துக் கீழே கட்ட வேண்டும். கையில் ஒரு முத்து மிஞ்சினாலும் ஆட்டம் தப்பு. பொருண்மை அழியா விதியை நான் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

மீத்தேன் எரிவது சுலபம், மேலே மூன்று குழி, கீழே மூன்று குழி. அடுப்பு சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனுக்கு வந்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். புரோப்பேன் ஒன்று, ஆக்சிஜன் ஐந்து, மேலே ஆறு குழி. கார்பன் டைஆக்சைடு மூன்று, தண்ணீர் நான்கு, கீழே ஏழும் நிறைந்துவிடும். பல்லாங்குழிக்கென்றே அமைந்த வினை மாதிரி இருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு ஒரு பலகை பத்தாது. மேலே கார்பன் டைஆக்சைடு ஆறு, தண்ணீர் ஆறு என்று பன்னிரண்டு குழி வேண்டும் என்பதால் இரண்டு பலகையை ஒட்டிப் போட்டோம். குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றுக்கு 24 முத்து. ஒரே குழியில் கொட்டினால் வழிகிறது. வழிந்ததைப் பொறுக்கிக்கொண்டே "இம்புட்டையும் ஒரு இலை செய்யுதா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. இரண்டாவது பலகை எங்கிருந்து வந்தது என்றால், விஷயம் கேள்விப்பட்டு எதிர்த்தெரு அத்தை ஒருவர் அனுப்பிவைத்தது. பரீட்சை நேரத்தில் பல்லாங்குழி ஆடுகிறார்கள் என்று பேசிய சிலரும் உண்டு. அவர்களுக்கும் வணக்கம், வேறென்ன சொல்ல.

பஸ் ஸ்டாப் மெடிக்கல் கடைத் தம்பி, காலி மாத்திரை அட்டைகளை வருடம் முழுக்கச் சேர்த்துக் கொடுத்தார். சோதனைக்குழாய் உடைந்தால் மறுபடி வாங்க அலைய வேண்டும். மாத்திரை அட்டையில் அந்தக் கவலை இல்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டே சொட்டு போதும். அஞ்சிதழ்ச் செம்பருத்தியை வெந்நீரில் போட்டு எடுத்த சாயத்தை ஊற்றி, ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சொட்டினார்கள். எலுமிச்சையும் புளித்தண்ணீரும் பட்டால் ரோஸ், வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிவு பட்டால் பச்சை. மஞ்சள் தடவிய காகிதத்தைத்தான் எல்லோரும் செய்து காட்டுவோம். ஆனால் அது காரத்துக்குத்தான் சிவக்கும், அமிலத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். அமிலத்தையும் நடுநிலையையும் பிரித்துச் சொல்லச் செம்பருத்திதான் வேண்டும். வெந்நீர் போட்டுக் கொடுத்த சத்துணவு அக்காவுக்கு நன்றி. அவர் சமையலைப் பார்ப்பாரா, எங்கள் பூவைப் பார்ப்பாரா!

மதுரையில் சுங்குடிச் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகும் ஒரு மாணவனின் அம்மா, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். நீலச் சாயம் கரைந்திருக்கும் தொட்டித் தண்ணீர் நீலமாக இருக்காது, பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காஸ்டிக் சோடாவும், பட்டறையில் ஹைட்ரோஸ் என்கிறார்களே அதுவும் சேர்ந்து சாயத்தை ஒடுக்கி, அதாவது ஆக்சிஜனேற்றத்துக்கு நேர் எதிராக மாற்றி, வைத்திருக்கின்றன. காஸ்டிக் இருப்பதால் பிள்ளைகளைத் தொடவிடவில்லை. கையுறை போட்டு ஒரு சிறிய வாளியில் அவரும் நானும் மட்டும் செய்தோம். முடிச்சுப் போட்ட துணியை முக்கி எடுத்து அவர் காற்றில் விரித்துப் பிடித்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகியது. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் செய்த வேலை. ஆக்சிஜனேற்றத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கைதட்டினார்கள். தன் அம்மாவை எல்லோரும் "மிஸ்" என்று கூப்பிட்டதில் அந்தப் பையன் அன்றைக்கு முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

வெல்டிங் பட்டறைக்காரர் முக்காலிகளும் குழாய்த் தாங்கிகளும் செய்து கொடுத்தார். முன்னாள் மாணவி ஒருத்தி, இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள், சனிக்கிழமைகளில் வந்து செய்முறைத் தேர்வுக்குத் தயார் செய்தாள். இருவருக்கும் நன்றி.

தலைமை ஆசிரியருக்கு நன்றி சொல்லக் காரணம் வேறு. அறிவியல் கண்காட்சியில் எரிமலை வைக்கலாம் என்று பல பெற்றோர் ஆசைப்பட்டார்கள். ஆரஞ்சுத் தூளைக் கொளுத்தினால் தீப்பொறி பறந்து பச்சைச் சாம்பல் பொங்குமே, அது. அந்தத் தூள் அம்மோனியம் டைகுரோமேட், புற்றுநோய் வரவைக்கும் குரோமியம் சேர்மம். பிள்ளைகள் மூச்சு விடுகிற இடத்தில் வைக்க மாட்டேன் என்று சொன்னேன். பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்களே என்று யோசிக்காமல் என் பக்கம் நின்றார். எரிமலை இருந்திருக்க வேண்டிய மேஜையில் பல்லாங்குழியை வைத்தோம். வந்த பாட்டிகள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வகுப்பில் குழுவுக்கு ஒரு பல்லாங்குழியாவது தேவை, பரணில் சும்மா கிடப்பதைக் கொடுத்து உதவுங்கள். மாத்திரை அட்டையை எறிய வேண்டாம். ஈயம் பூசும் ஐயா ஆடி மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், களிம்பேறிய பித்தளைப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் பெயர் எழுதி ஒட்டிப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவைக்கலாம். இந்தத் தடவை அவருக்கு முழுக் கூலி கொடுப்பதாகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடித்திருக்கிறோம்.

நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை