வடக்குச் சுவரில் வெயில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் சிறுவர் பக்கத்தில், சூரியன் கிழக்கே உதித்து, 12 மணிக்குத் தலைக்கு மேல் வந்து, மேற்கே மறையும் என்று போட்டிருந்தீர்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், எங்கள் மண்டபம் ஊரில் இருந்துகொண்டு பார்த்தால் அது சரிப்பட்டு வரவில்லை.

எங்கள் வீடு தென்கடல் பக்கம். மார்கழியில் பொழுது கடலுக்குள் விழும். ஆனியில் அதே கரையில் நின்றால், நிலத்துப் பக்கம் பனைகளுக்குப் பின்னால் இறங்கும். இரண்டு இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 48 பாகை (டிகிரி). நேர் மேற்கில் மறைவதெல்லாம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் 20 தேதிக்குப் பிறகு ஓரிரு நாள்தான்.

சரி, உச்சிக்கு வருகிறேன். எங்கள் அட்சரேகை 9.3 பாகை வடக்கு. அதனால் சூரியன் இங்கே தலைக்கு நேராக வருவது வருடத்துக்கு இரண்டே முறை. முதலாவது ஏப்ரல் 14 வாக்கில், அதாவது சித்திரை பிறக்கிற அன்றைக்கு. (சென்னைக்காரர்கள் இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.) அன்று எங்கள் உறைகிணற்றடியில் நிற்பேன். உறையின் எந்தப் பக்கமும் படாமல் வெயில் நேரே தண்ணீரில் இறங்கி, அடி மணல் வரைக்கும் தெரியும். எட்டிப் பார்த்தால் என் தலை நிழல் நட்டநடுவில். அப்போது மணி 12 அல்ல, 12:14. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. நாங்கள் அதற்கு மூன்று பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறோம், பாகைக்கு நாலு நிமிடம் தாமதம். பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் அதுவும் நிலையாக இருப்பதில்லை. பிப்ரவரி நடுவில் உச்சி 12:28 ஆகிவிடும், நவம்பர் தொடக்கத்தில் 11:57க்கே வந்துவிடும்.

இரண்டாவது முறை ஆகஸ்ட் 29 வாக்கில். நடுவில் உள்ள நாலரை மாதமும் உச்சி வெயில் எங்களுக்கு வடக்கே நிற்கிறது, நம் நிழல் தெற்கே விழுகிறது. இது தெரியாமல் நான் பட்டது சொல்லி மாளாது. வீடு கட்டும்போது கொத்தனார், "வடக்குப் பக்கம் எப்பவும் நிழல்தான், சன்ஷேடு எதுக்குங்க, காசு தண்டம்" என்றார். நானும் தலையாட்டி, சமையலறை ஜன்னலை அந்தப் பக்கமே வைத்தேன். வைகாசி, ஆனியில் சூரியன் வடகிழக்கே எழுந்து வடமேற்கே இறங்கும்வரை தெற்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் நேரே அடுப்புமேடையில். ஜன்னலோரம் வைத்த ஊறுகாய் ஜாடியைத் தொட முடியாது. அப்புறம் தகரம் வாங்கி அடித்தோம். கொத்தனாரைக் குறை சொல்லவில்லை, அவரும் இதே பாடத்தைத்தான் படித்திருப்பார்.

ஒரு வேண்டுகோள். தினமும் உதயம், அஸ்தமனம் போடுகிறீர்கள். அதன் கீழே மாவட்டவாரியாக உச்சி நேரமும், அது வடக்கா தெற்கா என்பதும் ஒரு வரி சேர்க்கலாம். ராகுகாலத்துக்கு இடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
வாசகி, மண்டபம்.